பக்கத்து வீட்டுத் தொல்லை: இங்கிலாந்தில் மறுஆய்வு கேட்பது எப்படி

கவுன்சிலுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதா? 2014-ஆம் ஆண்டுச் சமூக விரோத நடத்தைச் சட்டப்படி, உங்கள் புகார்களை எப்படிக் கையாண்டார்கள் என்று மறுஆய்வு (ASB Case Review) கேளுங்கள். 6 மாதத்துக்குள் 3 புகார் கொடுத்திருந்தால், கவுன்சில், போலீஸ், வீட்டுவசதிச் சங்கம் (குறைந்த வாடகைக்கு வீடு தரும் அமைப்பு) எல்லாம் சேர்ந்து விஷயத்தைப் பார்த்தே ஆகவேண்டும். சில ஊர்களில் அதைவிடக் குறைவான புகாரே போதும்.

பலர் கோட்டைவிடுவது தேதியில்தான். சம்பவம் நடந்த ஒரு மாதத்துக்குள் கொடுத்த புகாரே பொதுவாகக் கணக்கில் வரும். ஃபோனில் சொன்னால் பதிவு எண்ணை விடாமல் கேட்டு வாங்குங்கள்.

"எப்பவும் சத்தம்" என்றால் எடுபடாது. "செவ்வாய், இரவு 11.40 முதல் 1.15 வரை பாட்டு, குழந்தை விழித்துவிட்டது" என்று எழுதுங்கள். நாளைக்குச் சங்கம் தடையுத்தரவு கேட்டு நீதிமன்றம் போனால் இந்தக் குறிப்புகள் சாட்சியமாகும்.

போதைப்பொருள் விற்கும் வீடா? வீட்டுக்குள் நுழைவதைத் தடுக்கும் நீதிமன்ற மூடல் உத்தரவு 3 மாதம் வரை. நீட்டித்தால் மொத்தம் 6.