அரைநாள்ல விகாரை, குகை பார்க்கப் போறீங்களா? பொத்துவில் பக்கம் எல்லாரும் விடுற பிழைகள்

முதல் பிழை வேன்ல ஏற முந்தியே நடந்திரும், அது பேர்ல. கனடாவில இருந்து மச்சான் குடும்பம் வந்து நிண்ட நேரம், கைட் ஒராளப் பிடிச்சு காசெல்லாம் பேசி முடிச்சிட்டம், ராவு மச்சான்ட மகன் போன்ல மேப்பப் போட்டுட்டு "மாமா, இது கிரான் பக்கமெல்லோ காட்டுது, பொத்துவில் எண்டு சொன்னீங்க" எண்டான். பார்த்தா அவன் அடிச்சிருக்கிறது குடும்பிமலை. நாங்க போக இருந்தது குடும்பிகல. குடும்பிமலை எங்கட மட்டக்களப்பு மாவட்டத்தில கிரான் பக்கத்துக் காட்டுக்குள்ள இருக்கிறது, சிங்களத்தில தொப்பிகல எண்டுவாங்க. குடும்பிகல அம்பாறை மாவட்டத்தில பாணமைக்கும் உகந்தைக்கும் நடுவில இருக்கிற, பௌத்த பிக்குமார் தியானம் செய்யிற குகை ஆச்சிரமம். ஒண்டு வடக்க, ஒண்டு தெற்க. இத எழுதுறதுக்குக் காரணமே வேன் பேசக்க கனபேர் இந்த ரெண்டையும் மாறிச் சொல்லுறதக் கேட்டதுதான். டிரைவரிட்ட "பாணமை தாண்டி, உகந்தை முருகன் கோயிலுக்குப் போற றோட்" எண்டு சொல்லுங்க, பிழைக்காது.

மறுகா அரைநாள் எண்ட கணக்கு. அரைநாள் எண்டு டூர்க்காரர் சொல்லுறது பொத்துவில்ல இல்லாட்டி அறுகம்பேல இருந்து வெளிக்கிட்டு திரும்பி வாற நேரம், மட்டக்களப்பில இருந்து இல்ல. கல்லடிப் பாலம் தாண்டி பொத்துவில் போய்ச் சேரவே கிட்டத்தட்ட 105 கிலோமீற்றர், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எண்டு ஊருக்குள்ளால போற றோட், ரெண்டரை மூண்டு மணித்தியாலம் போயிரும். விடிய 6 மணிக்கு வீட்ட விட்டு வெளிக்கிட்டா 9 மணிக்கு பொத்துவில், 10 மணிக்கு மேலதான் பாறையடி, அந்த நேரம் வெயில் எப்பிடி இருக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல. முதல் நாள் ராவே பொத்துவில்லயோ அக்கரைப்பற்றிலயோ தெரிஞ்ச ஆக்கள் வீட்டில தங்கிட்டு வெள்ளண வெளிக்கிடுங்க. தங்க ஏலாட்டி 3 மணிக்கு எழும்பணும், வேற வழி இல்ல.

எனக்கு உண்மையா மனசு நோகிற பிழை இடங்கள அள்ளிப் போடுறது. சில ஆக்கள் தர்ற லிஸ்ட்டப் பார்த்தா தீகவாபி, புத்தங்கல, ராஜகல, மகுல் மகா விகாரை, குடும்பிகல, முகுது மகா விகாரை எல்லாம் ஒரே காலையில. நடக்காது. ராஜகல மட்டுமே ஒரு முழுக் காலை, அம்பாறை டவுன்ல இருந்து உகணைப் பக்கமா 25 கிலோமீற்றர் போல போய் மலையேறணும், மேல காட்டுக்குள்ள ஒரு முழு மடாலயமே இடிஞ்சு கிடக்கு. இலங்கைக்குப் பௌத்தத்தக் கொண்டு வந்த மகிந்த தேரர்ர பேர் வாற பழைய கல்வெட்டும் அங்கதான் இருக்கு. அப்பிடிப்பட்ட இடத்த அரைமணித்தியாலத்தில பார்த்தன் எண்டு சொல்ல ஏலாது. தீகவாபி, புத்தங்கல ரெண்டையும் அம்பாறைப் பக்கம் போற நாளைக்கு வையுங்க. பொத்துவில் பக்க அரைநாளுக்கு மூண்டு இடம் காணும்: குடும்பிகல, மகுல் மகா விகாரை, முகுது மகா விகாரை. அதுவும் இந்த ஒழுங்கிலயே போங்க. பாறை முதல், கடற்கரை கடைசி. அநேகமான கைட்மார் இத மாத்தித்தான் செய்யிறாங்க, டவுனுக்குக் கிட்ட இருக்கிறத முதல் முடிச்சிட்டு தூரத்துக்குப் போறது அவங்களுக்கு லேசு. ஆனா அப்ப உச்சி வெயில்ல நீங்க பாறைக்கு மேல நிப்பீங்க.

நாங்க அந்தப் பிழைய விட்டுத்தான் படிச்சம். குடும்பிகல உச்சியில உருளை மாதிரி ஒரு சின்னத் தாகபை (தூபி) இருக்கு, வழமையா பார்க்கிற அரைக்கோள வடிவம் இல்ல, ஒரு பீப்பாய நிமித்தி வெச்ச மாதிரி. அதுக்குக் கிட்டப் போக முதல் செருப்பக் கழட்டணும். நாங்க ஏறக்க 11 மணி. மாமிக்கு 68 வயசு, அவ்வளவு ஆசையோட ஏறி வந்தவ, செருப்பக் கழட்டி ரெண்டு அடி வெச்ச உடனே காலத் தூக்கித் தூக்கி வைக்கத் தொடங்கிட்டா, பாறை தோசைக்கல்லு மாதிரி. கும்பிடக்கூட நிக்க ஏலாம திரும்பிட்டா, கீழ வந்து பார்த்தா உள்ளங்கால் கொப்பளிச்சுக் கிடக்கு. ஒரு சோடி மொத்தச் சொக்ஸ் பேக்குக்குள்ள இருந்திருந்தா இது நடந்திராது. விகாரையில செருப்புத்தான் கழட்டணும், சொக்ஸ் போட்டிருந்தா பிழை இல்ல. தண்ணி ஆளுக்கு ஒண்டரை லீற்றராவது வேணும், மேல கடை கிடை ஒண்டும் இல்ல.

உடுப்புப் பற்றி எல்லாருக்கும் தெரியும் எண்டு நினைப்பம், ஆனா அறுகம்பேல தங்கிட்டு நேரா வாற ஆக்கள் கட்டைக் காற்சட்டையோடயே வந்து இறங்குறாங்க. தோளும் முழங்காலும் மூடி இருக்கணும், தொப்பியும் கழட்டணும். புத்தர் சிலைக்கு முதுகக் காட்டிக்கொண்டு செல்பி எடுக்காதீங்க. சிலைய எடுக்கலாம், சிலையோட உங்கள எடுக்காதீங்க, அவ்வளவுதான். தாகபையிலயோ இடிஞ்ச சுவரிலயோ ஏறி நிண்டு படம் எடுக்கிறது இன்னும் பெரிய பிழை. 2019 தைமாதம் ஹொரவப்பொத்தானைப் பக்கம் கிரலாகல தூபிக்கு மேல ஏறி எடுத்த படத்த பேஸ்புக்ல போட்டதுக்காக பல்கலைக்கழகப் பொடியன்மார் எட்டுப் பேரப் பொலிஸ் பிடிச்சது எங்கட பக்கத்தில எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் பிள்ளைகள் வேணுமெண்டு அவமதிக்கப் போன ஆக்கள் இல்ல, ஒரு படத்துக்கு ஏறினதுதான். தொல்பொருள் சட்டம் 1940ல இருந்தே இருக்கு, "தெரியாது" எண்டு சொல்லித் தப்ப ஏலாது. ட்ரோன் கொண்டு போற யோசனை இருந்தா அனுமதி எடுக்காம பேக்க விட்டே வெளிய எடுக்காதீங்க.

இப்ப குகைக்கு வருவம். குடும்பிகலயில இருநூறுக்கு மேல குகை இருக்கெண்டு சொல்லுறாங்க, ஆனா கனபேர் அதுக்குள்ள தலைய விட்டுப் பார்த்திட்டு "ஒண்டுமில்லயே, வெறும் கல்லு" எண்டு திரும்பிருவாங்க. உள்ள பார்க்கிறதுதான் பிழை. வெளிய நிண்டு மேல பாருங்க. குகை வாயிலுக்கு மேல பாறை நெத்தியில நீளத்துக்கு ஒரு வெட்டு ஓடும், கண்ணுக்கு மேல புருவம் மாதிரி, சிங்களத்தில கட்டாரம் எண்டுவாங்க. அது எதுக்கு எண்டு நான் பல தடவை போயும் வடிவா விளங்கல்ல, ஒரு மாசி மாதம் அங்க நிக்கக்க திடீரெண்டு மழை பிடிச்சுது. பாறை முழுக்கத் தண்ணி வழியுது, வழிஞ்சு வந்த தண்ணி அந்த வெட்டுக்கு வந்த உடனே உள்பக்கம் போக ஏலாம அப்பிடியே அறுந்து நேர கீழ சொட்டுது, குகை வாயிலுக்கு முன்னால பாசிமணித் திரை போட்ட மாதிரி ஒரு கோடு. நான் நிண்ட இடம் காய்ஞ்சு கிடக்கு. கிறிஸ்துக்கு முந்தின காலத்தில ஒரு ஆள் உளியோட இருந்து வெட்டினது இண்டைக்கும் வேலை செய்யுது.

அந்த வெட்டுக்குக் கீழதான் எழுத்து இருக்கும், எல்லாக் குகையிலயும் இல்ல, சிலதில. பிராமி எண்ட ஆதிகாலத்து எழுத்து. கூட்டல் அடையாளம் மாதிரி இருந்தா அது "க". கூரை மாதிரி, மேல கூர் வெச்சு ரெண்டு கோடு கீழ இறங்கினா அதுவும் எங்களுக்கு "க"தான், கங்கை எண்டு சொல்லக்க முதல் வாற க. இப்பிடியான குகை எழுத்துகள்ல அநேகமா இன்னாருட மகன் இன்னார் இந்தக் குகைய பிக்குமார்ர சங்கத்துக்குக் குடுத்தார் எண்டுதான் இருக்கும். எழுத்து தெரியல்ல எண்டு சோக்கால, கரியால மேல கீறிப் பார்க்கிற ஆக்கள் இருக்காங்க, தயவுசெய்து செய்யாதீங்க, அந்தக் கீறல் போகவே போகாது. கையாலயும் தடவ வேணாம். போன் டோர்ச்ச பாறையோட ஒட்டினமாதிரி பக்கவாட்டில பிடியுங்க, நிழல் விழுந்து எழுத்து தானா எழும்பி வரும். நேர முன்னால ப்ளாஷ் அடிச்சா எல்லாம் வெள்ளையாப் போயிரும். சுவரோவியம் இருக்கிற இடத்தில ப்ளாஷே வேணாம், சாயத்துக்குக் கூடாது.

இன்னொண்டு சொல்லணும். எங்கட ஆக்கள்ல கனபேர் "அது அவங்கட இடம், எங்களுக்கென்ன" எண்டு வேனுக்குள்ளயே இருந்திருவாங்க. ஏன் அப்பிடி நினைக்கிறாங்க எண்டும் விளங்குது, கிழக்கில காணியும் தொல்பொருளும் எண்டா ஆக்களுக்கு மனசில நிறைய இருக்கு, சின்ன விசயம் இல்ல. ஆனா பௌத்தம் தமிழ் ஆக்களுக்கு ஒரு காலமும் அந்நியமா இருந்ததில்ல, அனுராதபுரத்தில தமிழ்க் குடும்பத் தலைவர்மார்ர மண்டபம் எண்டு சொல்லுற பழைய பிராமிக் கல்வெட்டே இருக்கு. இறங்கி நடந்து உங்கட கண்ணால பாருங்க. போற வழியில பாணமையையும் சும்மா தாண்டிப் போகாதீங்க, தமிழும் சிங்களமும் கலந்த குடும்பங்கள் இருக்கிற ஊர், பத்தினி தேவாலயம் இருக்கு, நாங்க கண்ணகிக்குக் கொம்புமுறி (ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கொம்பக் கொளுவி இழுக்கிறது) விளையாடுற மாதிரி அங்கயும் அங்கெலிய விளையாடுறாங்க. ஒரு பிளேன்ரீ குடிச்சு ரெண்டு வார்த்தை கதைச்சா கைட் சொல்லாத கனக்க வரும்.

கைட் எண்டோண்ண, காசு பேச முந்தி ரெண்டு கேள்வி கேளுங்க. தமிழ்ல விளங்கப்படுத்துவீங்களா? சுற்றுலா அதிகார சபைட அனுமதி அட்டை இருக்கா? வேன் ஓட்டத் தெரிஞ்ச ஆளெல்லாம் கைட் இல்ல. குமண மிருகங்கள் பார்க் டிக்கட்டும் கணக்கில சேர்ந்திருக்கா எண்டும் கேளுங்க, குடும்பிகல பார்க் கேட்டுக்கு முன்னாலயே வந்திரும், அதுக்கு அந்த டிக்கட் தேவையில்ல. கைட் சொல்லுற கதையையும் கேட்டு வையுங்க, ஆனா கதை வேற, கல்வெட்டு வேற. மகுல் எண்டா கல்யாணம், துட்டகைமுனு ராசாட தாய் தகப்பன், காவன்தீச மன்னனுக்கும் விகாரமாதேவிக்கும் கல்யாணம் நடந்த இடம் எண்டுதான் மகுல் மகா விகாரையில சொல்லுவாங்க. ஆனா அங்க கண்டெடுத்த 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில வாற விகாரமாதேவி வேற ராணி, ஒன்றரை ஆயிரம் வருசத்துக்கும் மேல பிந்தின ஆள். பேர் ஒண்டா இருக்கிறதால ரெண்டையும் ஒண்டாக்கிச் சொல்லுற கைட்மார் நிறைய. அதே மாதிரி விகாரமாதேவி படகில வந்து கரையேறின இடம் பொத்துவில் முகுது மகா விகாரை எண்டு இஞ்ச சொல்லுவாங்க, தெற்க கிரிந்தைக்குப் போனா அங்கயும் அதே கதை.

மகுல் மகா விகாரையில படியடியில இருக்கிற அரைவட்டச் சிற்பக் கல்லு, சந்திரவட்டக்கல்லு, அதப் பார்க்காம வரவேணாம், மிதிக்கவும் வேணாம். அதில இருக்கிற யானைகள்ல முதுகில பாகன் இருக்கான், வேற இடத்துச் சந்திரவட்டக்கல்லில நீங்க அதக் காணமாட்டீங்க. குனிஞ்சு இருந்து ஒவ்வொரு யானையாப் பாருங்க. அந்த றோட் லகுகல காட்டோரமாப் போறது, குளத்தில 'பேரு' எண்டு சொல்லுற ஒரு வகைப் புல்லு இருக்கிறதால உண்மையான யானையும் வரும். வேன நிப்பாட்டி வாழைப்பழம் குடுக்கிற வேலை வேணாம், அப்பிடிப் பழகின யானை அடுத்ததா வாற மோட்டார்சைக்கிள்காரன மறிக்கும்.

சாப்பாட்டு விசயத்திலயும் ஒரு பிழை நடக்குது. பிக்குமாருக்குத் தானம் குடுக்கிற நல்ல மனசோட பார்சல் கட்டிக்கொண்டு ஒரு மணிக்குப் போறாங்க. மத்தியானம் 12 தாண்டினா அவங்க சாப்பிடமாட்டாங்க. 11 மணிக்கு முந்திப் போய்ச் சேரணும், முதலே சொல்லி வெச்சா இன்னும் நல்லம். பொம்பிளையள் குடுக்கக்க பிக்குமார்ர கையில படாமப் பார்த்துக்கொள்ளுங்க. குடும்பிகலயில தியானத்தில இருக்கிற ஆக்கள் இருப்பாங்க, மேல நிண்டு கூவிப் பார்க்கிறது, போன்ல பாட்டுப் போடுறது எல்லாம் வேணாம். பாறையில தேன்கூடு தொங்குறதும் உண்டு, சத்தத்துக்கும் சென்ற் மணத்துக்கும் குளவி, தேனீ கலைஞ்சா ஓட இடமில்ல.

நாள் பார்க்கிறதும் முக்கியம். போயா நாள் சனம் கூட, அமைதியாப் பார்க்க ஏலாது. கார்த்திகை, மார்கழி மழைக்கு பாணமை தாண்டின கிறவல் றோட் மோசமாயிரும். கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில உகந்தைப் பக்கம் முழுக்க யாத்திரிகர், அப்ப போறதெண்டா சாமியக் கும்பிடப் போங்க, டூர் வேற நாளைக்கு.

கடைசியா முகுது மகா விகாரை. 11 மணி போல வந்து சேருவீங்க, கடல் காத்து முகத்தில அடிக்கும், மணல் மேட்டுக்கு நடுவில நிண்ட நிலையில ஒரு புத்தர், பக்கத்தில ரெண்டு போதிசத்துவர். தூண்கள் மணலுக்குள்ள பாதி புதைஞ்சு கிடக்கும். மணல் தானே எண்டு செருப்போட நடந்திராதீங்க, எந்த இடத்தில கழட்டணும் எண்டு முதல் கேளுங்க. மாமி இந்த இடத்திலதான் சொக்ஸோட கனநேரம் இருந்தா, அது எங்கட ரெண்டாவது பயணம், விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டது.