புது டேபிள் மட்டும் ஏன் திறக்கவில்லை?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கணக்கெல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில். ஆளாளுக்குத் தனித்தனியாகக் கொடுத்திருந்த அனுமதிகளை ரிவோக் செய்துவிட்டு (திரும்பப் பெற்றுவிட்டு) பில்லிங், ஸ்டாக், கணக்காளர் என்று மூன்று ரோல் (அனுமதிகளைப் பெறும் பொறுப்புப் பெயர்) உருவாக்கி, ஆட்களை அவற்றில் சேர்த்தேன். 8.1 பதிப்பிலிருந்தே இதில் யூசரும் ரோல், குரூப்பும் ரோல். லாகின் உரிமை உண்டா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

அதுவரை சுலபம். அப்புறம் கூலிக் கணக்கைச் சேமிக்க டேட்டாபேஸில் புது டேபிள் (அட்டவணை) வந்தது. "அண்ணா, கூலி ரிப்போர்ட் மட்டும் திறக்க மாட்டேங்குது" என்று கணக்காளரிடமிருந்து போன். சர்வரின் பதிவேட்டில் 'பர்மிஷன் டினைட்', அதாவது அனுமதி இல்லை.

ரோல்களுக்குப் படிக்கும் அனுமதி தரும் 'கிராண்ட் செலக்ட் ஆன் ஆல் டேபிள்ஸ்' கட்டளை, அதை ஓட்டும் நேரத்தில் இருக்கும் டேபிள்களுக்கு மட்டும்தான். இனி வரப்போகிறவைக்கு 'ஆல்டர் டீஃபால்ட் பிரிவிலெஜஸ்' வேண்டும். ஓட்டினேன். அடுத்த டேபிளிலும் அதே எர்ரர்! அந்தக் கட்டளை, அதை ஓட்டும் ரோல் உருவாக்கும் டேபிள்களுக்கே பொருந்துமாம். இங்கே டேபிள் போடுவது சாஃப்ட்வேரின் தனி ரோல். (எர்ரர் செய்தி இதை ஜாடையாகக்கூடச் சொல்லாது.) 'ஃபார் ரோல்' என்று அதன் பெயரையும் சேர்த்து ஓட்டியதும் சரியானது. முன்பே உருவான டேபிள்களுக்குக் கையால் கிராண்ட் கொடுத்தேன்.

டேபிளில் தானாக எண் ஏறும் சீரியல் நெடுவரிசை இருந்தால், அந்த எண்ணைத் தரும் சீக்வென்ஸுக்கும் யூசேஜ் அனுமதி கொடுங்கள். இல்லையென்றால் புது வரி சேர்க்கும் இன்சர்ட்டில் முட்டும்.