பின்லாந்தில் ஒரு சனிக்கிழமை இரவு: கொழும்பிலிருந்து செல்வோருக்கு

வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குப் போனால், "போதும்" என்று மூன்று முறை சொன்ன பிறகும் தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழும். அதைத்தான் விருந்தோம்பல் என்கிறோம். பின்லாந்தில் "போதும்" என்று ஒருமுறை சொன்னால் பிறகு எவரும் கேட்கமாட்டார்கள். படிப்புக்கோ வேலைக்கோ அங்கு செல்லும் நம்மவர்கள் மது பரிமாறப்படும் ஒன்றுகூடல்களில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த வேறுபாட்டினால்தான். ஹெல்சிங்கியில் என் முதல் வருடம் முழுவதும் இதைப் புரிந்துகொள்வதிலேயே கழிந்தது.

முதலில் கடை நேரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 1919 முதல் 1932 வரை மதுவிலக்கு இருந்த நாடு அது. விலக்கை நீக்கியபோது விற்பனையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டதால், இன்றும் கடும் மதுவை 'அல்கோ' என்னும் அரச கடையிலேயே வாங்க வேண்டும். சுப்பர்மார்க்கட்டில் பியரும், 8 சதவீதத்துக்கு மேற்படாத நொதித்த பானங்களும் இரவு 9 மணி வரை கிடைக்கும். அல்கோவோ சனிக்கிழமை மாலை 6 மணிக்கே மூடப்பட்டு, ஞாயிறன்று திறப்பதே இல்லை. போயாவுக்கு முதல் நாள் வைன் ஸ்டோர் வாசலில் வரிசை நிற்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

வீட்டு விருந்துக்கு 7 மணி என்று அழைத்தால் 7 மணிக்கே செல்லுங்கள். சப்பாத்தை வாசலிலேயே கழற்ற வேண்டியிருப்பதால், கிழியாத காலுறையும் அவசியம். நீங்கள் குடிக்கப்போவதை நீங்களே கொண்டுசெல்வதுதான் அங்கு பொதுவான வழக்கம். நானோ முதல் விருந்தில் ஊரிலிருந்து கொண்டுபோன தென்னஞ்சாராயப் போத்தலை மேசை நடுவில் வைத்து, கேட்காமலேயே எல்லோருடைய கிளாஸிலும் ஊற்றினேன். எவரும் தடுக்கவில்லை. ஆனால் அரை மணி நேரத்துக்குள் பக்கத்தில் இருந்தவர், நான் ஊற்றிய அதே அளவுக்குத் தன் கொஸ்கென்கோர்வா என்னும் பின்லாந்துக் கடும் மதுவை என் கிளாஸில் அளந்து ஊற்றி, கடனைத் தீர்த்துக்கொண்டார். மதுச்சாலையிலும் இதே கணக்குத்தான்: அவரவர் குடித்ததற்கு அவரவரே பணம் கொடுப்பார்கள். டெவில் செய்த கோழியோ பொரித்த கஜுவோ பைட்டாக வரும் என்று காத்திராமல், சாப்பிட்டுவிட்டே புறப்படுங்கள்.

கிளாஸைத் தூக்கும்போது கண்ணைப் பார்த்து "கிப்பிஸ்" என்று சொன்னால் போதும். பேச்சு இடையில் நின்றுபோனால் நிரப்ப முயலாதீர்கள். அந்த மௌனம் கோபமல்ல. இரவு பதினொரு மணிக்கு உங்கள் தோளில் கைபோட்டுத் தன் விவாகரத்துக் கதையைச் சொன்ன மனிதர் திங்கட்கிழமை லிஃப்டில் தலையை மட்டும் அசைப்பார். அதற்காக மனம் நோக வேண்டாம், சனிக்கிழமைக் கதையை அங்கே எடுக்கவும் வேண்டாம்.

குடிக்காதவர்கள், கொழும்பில் செய்வதுபோல விரதம், மருந்து என்று காரணம் தேட வேண்டியதில்லை. "நான் குடிப்பதில்லை" என்றால் விஷயம் முடிந்தது. கோப்பியை அந்த மக்கள் உலகில் வேறு எவரையும்விட அதிகம் குடிப்பதால், கையில் ஒரு கோப்பை இல்லாமல் நிற்க நேராது.

உண்மையான நெருக்கம் 'சவுனா' என்னும் சூடான ஆவிக் குளியலறையில்தான். சுமார் 55 இலட்சம் மக்களுக்கு ஏறக்குறைய 30 இலட்சம் சவுனாக்கள் உள்ள நாட்டில், அதற்கு அழைப்பது உங்களை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் தனித்தனியாகவே செல்வார்கள். உள்ளே உடையின்றி இருப்பார்கள். நமக்கு இதுதான் பெரிய சோதனை. துவாயைச் சுற்றிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நண்பர்கள் வீட்டில் எனக்கு அது ஒருபோதும் பிரச்சினையானதில்லை. மேல் தட்டில்தான் வெக்கை அதிகம், எனவே கீழ்த் தட்டில் தொடங்கி, உட்காருமிடத்தில் சிறு துணியை விரித்துக்கொள்ளுங்கள். அடுப்பின் மேலுள்ள சூடான கல்லில் தண்ணீர் ஊற்றுமுன் மற்றவர்களைக் கேளுங்கள்: அகப்பையிலிருந்து விழும் தண்ணீர் சீறி மறைந்து, ஒரு கணம் கழித்தே 'லோய்லு' எனப்படும் ஆவி காதுமடலைச் சுடும். பியரை வெளியே வந்த பிறகு, வாட்டிய சொசேஜுடன் குடிப்பது நல்லது. குடித்துவிட்டு ஏரியில் இறங்கவே இறங்காதீர்கள். கோடை நடுவில் வரும் 'யுஹான்னுஸ்' விடுமுறையில் இப்படி மூழ்கி இறந்தோரின் செய்தி அங்கு வழமையாகவே வரும்.

புதிதாகச் செல்பவர்களுக்கு மே 1ஆம் திகதி வரும் 'வப்பு' கொண்டாட்டத்தைப் பரிந்துரைப்பேன். ஹெல்சிங்கியின் கைவொபுயிஸ்தோ பூங்காவில் புல்லில் விரிப்புப் போட்டு, எலுமிச்சையும் சீனியும் ஈஸ்ட்டும் சேர்த்து வீட்டில் புளிக்கவைத்த 'சிமா'வை ஊற்றுவார்கள். போத்தலில் போட்ட முந்திரிகைவற்றல் மேலே மிதந்தால் அது பதமாகிவிட்டது என்று அர்த்தம். நீங்களே செய்து கொண்டுபோனால் முன்பின் தெரியாதவர்களும் பேச வருவார்கள். வெற்று டின்களை நசுக்கிவிடாதீர்கள். திருப்பிக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 15 சென்ட் கிடைக்கும் என்பதால், அவற்றைச் சேகரிக்க வருபவருக்காக ஓர் ஓரத்தில் நிறுத்தி வைத்துவிட்டு வாருங்கள்.