கங்காணி வில்லையைப் புளி போட்டுத் தேய்த்த கதை: பழைய பதக்கங்களைப் பேணுவது எப்படி

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் ஒரு மூலையை அருங்காட்சியகம் என்று சொல்லிக்கொண்டு நடத்துகிறோம். ஒரு கண்ணாடி அலுமாரி, இரண்டு மேசை, அவ்வளவுதான். கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), கொழுந்துக் கூடை, பிரட்டுத் தப்பு (காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடிப்பது) இதையெல்லாம் வைத்திருப்பதில் பெரிய சிக்கல் வரவில்லை. எங்களைப் படுத்தி எடுத்தவை சின்னச் சாமான்கள்தான்: ஒரு பெரிய கங்காணியின் (தொழிலாளரை மேய்த்த தலைவர்) பித்தளை வில்லை, அதாவது பெயர் வெட்டிய அடையாளத் தகடு, காவற்காரர் வில்லை, தொழிற்சங்கச் சின்னங்கள், சாரணர் சின்னம், பாடசாலை ஓட்டப்போட்டிப் பதக்கங்கள், இரண்டாம் உலகப்போர்ப் பதக்கம் ஒன்று. உங்கள் ஊரிலும் கோயில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ இப்படி ஒரு அலுமாரி வைக்க நினைத்தால் இந்தக் குறிப்பு உதவும். கண்ணாடியைத் துடைப்பது, பூட்டு வாங்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் கொப்பி

சாமான் கைக்கு வந்தவுடன் கழுவத் தோன்றும். வேண்டாம். ஒரு சீ.ஆர். கொப்பி (கெட்டி அட்டை போட்ட நோட்டு) வாங்குங்கள், பென்சிலால் எழுதுங்கள் (பேனா மை ஈரத்தில் ஊறிவிடும், எங்கள் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை கொப்பியே நமத்துப்போய்த்தான் இருக்கும்). ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது ஆள் தந்தது, அவர் தந்ததில் எத்தனையாவது சாமான் என்று மூன்று பகுதியாகப் போட்டால் பிறகு குழம்பாது: 2019.3.2 என்றால் 2019இல் மூன்றாவதாகத் தந்தவரின் இரண்டாவது சாமான். அந்த எண்ணைப் பதக்கத்தில் எழுதாமல் சின்னக் கடதாசி அட்டையில் எழுதி, வெள்ளைப் பருத்தி நூலால் வளையத்தில் கட்டிவிடுங்கள்.

எண்ணுக்கு எதிரே விட்டம், எடை, யாருடையது, யார் தந்தது, இதுவரை வீட்டில் எங்கே இருந்தது என்று எழுதுங்கள். தந்தவர் சொன்ன கதையை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும், நீங்கள் அழகுபடுத்தத் தேவையில்லை. அப்புறம் அன்பளிப்பா, இரவலா என்று ஒரு கடதாசியில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இதைச் செய்யவில்லை. ஒரு தாத்தா பதக்கம் தந்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு பேரன் வந்து, "தாத்தா இரவலாத்தானே குடுத்தாரு?" என்றார். எங்கள் கையில் துண்டுக் கடதாசி கூட இல்லை. கொடுத்துவிட்டோம்.

விளிம்பைப் படிப்பது

பதக்கத்தின் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள், விஷயம் பெரும்பாலும் விளிம்பில் இருக்கும். முதலாம் உலகப்போரின் பிரித்தானியப் போர்ப் பதக்கம் பெரும்பாலும் வெள்ளி, அதன் விளிம்பில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு வரிசையாக இருக்கும். இலங்கையில் தோட்டத்துரைமாரின் ரைபிள் படை ஒன்று 1900இல் தொடங்கி 1949 வரை இருந்தது, 1914இல் அதிலிருந்து ஒரு பிரிவு எகிப்துக்குப் போனது. பழைய பங்களா அலுமாரியில் அப்படி ஏதாவது கிடைத்தால் முகத்தை விட்டு விளிம்பைத்தான் பார்க்க வேண்டும்.

எங்களிடம் இருப்பது 1939-45 போர்ப் பதக்கம். 36 மில்லிமீற்றர் விட்டம், முன்னால் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் தலை, பின்னால் இரட்டைத் தலை டிராகன்மேல் நிற்கும் சிங்கம். தந்த அக்கா வெள்ளி என்றே நினைத்திருந்தார். வெள்ளி இல்லை, செம்பும் நிக்கலும் கலந்தது. விளிம்பை நாங்கள் அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், எழுத்தே இல்லை. தேய்ந்துபோய்விட்டது என்று வருத்தப்பட்டோம், பிறகுதான் தெரிந்தது, அந்தப் போருக்கான பதக்கங்களைப் பிரித்தானியா பெரும்பாலும் பெயர் வெட்டாமலேதான் கொடுத்தது. அதனால் அந்தப் பதக்கத்துக்கும் அக்காவின் அப்பாவுக்கும் இடையில் இருக்கும் ஒரே முடிச்சு அவர் வாய்வார்த்தை. கொப்பி கொப்பி என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

விளிம்பில் எழுத்து இருந்து மங்கியிருந்தால்: அறையை இருட்டாக்குங்கள், போன் டோர்ச்சைப் பக்கவாட்டில், மேசையோடு ஒட்டினாற்போலப் பிடியுங்கள். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வாக அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழும். கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி ஆறு படம் எடுத்தால் சுற்று முடிந்துவிடும்.

கழுவுவது, அல்லது கழுவாமல் விடுவது

நான் கெட்டது இங்கேதான். திறப்பு விழாவுக்கு முதல்நாள் ராத்திரி. கங்காணி வில்லை கறுத்துப்போய்க் கிடந்தது. அம்மாயி குத்துவிளக்கைத் தேய்ப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான்: புளி, சாம்பல், ஒரு சிட்டிகை உப்பு. பத்து நிமிடம் தேய்த்தேன். கறுப்பு போனது. கூடவே மஞ்சளும் போய், வில்லை ஈறு மாதிரி இளஞ்சிவப்பாக நின்றது. அதைவிடப் பெரிய அடி, வெட்டிய எழுத்துக்குள் கறுப்பு மெழுகு நிரப்பியிருந்தார்கள், அதை அழுக்கு என்று நினைத்து நாரால் தோண்டி எடுத்துவிட்டேன். காலையில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் பெயரை யாராலும் படிக்க முடியவில்லை.

ஏன் சிவந்தது? பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளியின் அமிலம் மேற்பரப்பிலிருந்து துத்தநாகத்தை இழுத்துக்கொண்டு போய்விடும், செம்பு மட்டும் எஞ்சும். உப்பு இன்னும் மோசம், அது உள்ளே தங்கிப் பிறகு பச்சையாக வெளிவரும். குத்துவிளக்கு கனமான வார்ப்பு, வாராவாரம் தேய்த்தாலும் தாங்கும். வில்லை ஒரு தகடு. டின்னில் விற்கும் பித்தளைப் பொலிஷும் வேண்டாம், அதில் அராவும் தூள் இருக்கிறது, பெரும்பாலும் அமோனியாவும். எழுத்து இடுக்கில் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். சோடாவும் அலுமினியத் தாளும் போட்டு வெள்ளியை வெளுக்கும் காணொளி வித்தையும் வேண்டாம்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்வேன் (பருத்திக் கையுறை சிலருக்குப் பிடிக்கும், எனக்கு அது ஊசியில் மாட்டும், வியர்வையும் ஊடுருவும்). முகப்பூச்சுப் போடும் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுவேன், பல் தூரிகை வேண்டாம். அது போதும் என்றால் அங்கேயே நிறுத்திவிடுவேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், ரிப்பனும் எனாமலும் இரும்பு ஊசியும் இல்லாத சாமானுக்கு மட்டும், ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி, வாசனை இல்லாத சவர்க்காரத் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் தொட்டு உருட்டுவேன். தண்ணீர் கராஜில் விற்கும் பெட்டரித் தண்ணீர், அதாவது உப்பு நீக்கிய தண்ணீர். கவனம், பெட்டரி அசிட் என்று இன்னொரு போத்தல் அதே தட்டில்தான் இருக்கும், பெயரைப் படித்து வாங்குங்கள். பிறகு சுத்தத் தண்ணீர்ப் பஞ்சால் இரண்டு தரம் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிடுவேன்.

பச்சை இரண்டு வகை. தோல்பட்டியில் இருந்த வில்லைகளில் மெழுகு மாதிரிப் பச்சை திரண்டிருக்கும், பல்குச்சியால் மெதுவாகத் தள்ளினால் வந்துவிடும். இன்னொன்று வெளிர்பச்சைத் தூள், துடைத்த இடத்திலேயே திரும்ப வரும். அது குளோரைட்டு உப்பு ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்பது. அடுத்த பதக்கத்துக்குத் தொற்றாது, ஆனாலும் தனிப் பெட்டியில் உலர்வாக வையுங்கள், தேய்க்க வேண்டாம்.

கொப்பியில் 'நிலை' என்ற நிரலில் செய்ததையெல்லாம் எழுதுங்கள். எங்கள் வில்லைக்கு எதிரே "புளி, சாம்பல், உப்பு. எழுத்து மெழுகு போய்விட்டது. தேய்த்தது நான்" என்று இருக்கிறது. திறப்புக்கு ஒரு வாரம் முன் எடுத்த மங்கலான போன் படம் ஒன்று தப்பியது, இப்போது அதை அச்சடித்து வில்லைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

ஈரம்

மலையில் பெரிய எதிரி இதுதான். டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள், ஆனால் வாங்கியவுடன் நம்பாதீர்கள். போத்தல் மூடியில் கறியுப்பைப் போட்டு, சேறு பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து இறுக்க மூடும் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். எங்களுடையது 67 காட்டியது. அதாவது ஒரு வருடமாக 55 என்று நிம்மதியாக இருந்தபோது உண்மையில் 63!

பதக்கங்களுக்கு 50க்குக் கீழே இருந்தால் நல்லது, அலுமாரி முழுவதையும் அப்படி வைக்க முடியாது. அதனால் காட்சிக்கு இல்லாதவற்றைச் சாப்பாட்டு டப்பாவில் போடுங்கள், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும் டப்பா. 3 என்று இருந்தால் தொடாதீர்கள், அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் பிசுபிசுத்துச் செம்பில் பச்சை பிடிக்க வைக்கும். காசு ஒட்டும் மெல்லிய அல்பங்கள் பல அந்த ரகம். உள்ளே கஞ்சி போடாமல் துவைத்த பழைய வேட்டித் துணி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. ஜெல்லின் நிறம் மாறினால் அதற்கென்றே ஒதுக்கிய ஒரு பழைய தாச்சியில் மெல்லிய தீயில் கிளறிக் காயவைக்கலாம், அவசரப்பட்டால் கருகிவிடும். நீல ஜெல்லில் கோபால்ட் இருப்பதால் செம்மஞ்சள் ஜெல்லைத்தான் நான் வாங்குவேன். டப்பாவில் அடைக்கும் வேலையைப் பெப்ரவரி, மார்ச்சில் நல்ல வெயில் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழைக்காலம் வேறு, உங்கள் கணக்கைப் பாருங்கள்.

நப்தலின் உருண்டை, ரப்பர் பட்டி, செய்தித்தாள், கம்பளித் துணி உள்ளே வேண்டாம். ரப்பரும் கம்பளியும் கந்தகம் விட்டு வெள்ளியைக் கறுக்கும். புதுப் பலகையும் அமில ஆவி விடும், ஈயம் கலந்த சின்னங்களில் வெள்ளைத் தூள் பூப்பது அதனால்தான். காட்சிக்கு வைக்கும்போது கம், இருபக்க டேப் எதுவும் வேண்டாம். துணி சுற்றிய அட்டையில் நூலால் தைத்து நிறுத்துங்கள். கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்கவில் பழைய லயன் அறைகளிலேயே (தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள்) தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது, ஆரம்பிக்கும் முன் ஒருதரம் போய் வாருங்கள், சின்ன இடத்தில் எப்படி வைப்பது என்று புரியும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த இரண்டு பேர், எழுத்தும் எண்ணும் போட்ட வட்டத் தகரத்தின் படத்தை அனுப்பி, எந்தப் போட்டிப் பதக்கம் என்று கேட்டார்கள். அது பதக்கமே இல்லை. 1901இல் வந்த தகரத்துண்டு முறையில், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்று காட்டக் கொடுத்தது. தொழிலாளரின் கடனைத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த 'துண்டு' என்ற கடதாசி வேறு, அது 1921இல் ஒழிந்தது. தகரம் கையில் இருந்தால் கழுவவே வேண்டாம், தண்ணீர் பட்டால் துரு கூடும். தூசியைத் தட்டி, டப்பாவில் ஜெல்லோடு போடுங்கள், எண்ணைக் கொப்பியில் அப்படியே பார்த்து எழுதுங்கள்.

இன்னொருவர் ரிப்பனைத் துவைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம். சாயம் இறங்கும். இஸ்திரியும் போடாதீர்கள், நூல் பிரிந்தால் வெட்டாதீர்கள், வெயில் படும் பக்கம் வைக்காதீர்கள். கொண்டுவந்தவர் வீட்டில் அதைக் கோத்திருந்த ஊக்கு துருப்பிடித்திருந்தால் மட்டும் கழற்றி, அதற்கும் ஓர் எண் போட்டுத் தனிப் பையில் வையுங்கள்.