மாடியில் செடியும் சோலாரும்: முதலில் தண்ணீருக்கு வழி

சென்னையில் மொட்டை மாடியில் மண் பரப்பிச் செடி வளர்த்து, மேலே சோலாரும் போட விரும்புகிறவர்களிடம், தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிற ஊர் இது.

10 சென்டிமீட்டர் தோட்ட மண் நன்றாக ஊறினால் சதுர மீட்டருக்கு 180 கிலோவைத் தொடும். மாடிகளை வழக்கமாக 150 கிலோ கூடுதல் பாரத்துக்குத்தான் கட்டுகிறார்கள். அதனால் தென்னை நார்க்கழிவும் செங்கல் தூளும் கலந்த லேசான கலவை போதும். அதையும் இன்ஜினியர் பார்த்துச் சரி என்ற பிறகே ஏற்றுங்கள்.

மண் போடுவதற்கு முன்பே சோலார் கால்களுக்கான கான்கிரீட் கட்டைகளைக் கட்டிவிடுங்கள். மண் பாரமே பேனலைப் பிடித்துக்கொள்ளும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த ஊர் இது. கட்டைகளையும் சேர்த்து வாட்டர் ப்ரூஃபிங் செய்து, மழைநீர் இறங்கும் குழாயின் வாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்குங்கள். கீழே கசிவு இல்லையென்றால் வேர் தடுப்புத் தாள், வடிகால் தட்டு, வடிகட்டித் துணி, அப்புறம் கலவை.

இனி பேனலின் கீழ் விளிம்பு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய இரண்டரை சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 125 லிட்டர் அந்த ஒரே விளிம்பில் வழிந்து விழும். அங்கே கலவை அரித்துப்போய்க் குழாயை அடைக்கும். பேனலுக்கு அடியிலோ மண் காய்ந்து கிடக்கும். விளிம்புக்கு நேர் கீழே ஓரடி அகலத்துக்கு ஜல்லி போடுங்கள். மாடித் தரையின் சரிவு இடம் கொடுத்தால், அந்தத் தண்ணீர் அடுத்த வரிசைப் பேனலுக்கு அடியிலுள்ள மண் வழியாகக் குழாய்க்குப் போகும்படி வரிசைகளை அமையுங்கள்.

பேனல் தெற்கு நோக்கி, 13 டிகிரி அளவில் சாய்ந்திருக்கட்டும். களை பிடுங்கக் கை நுழைய, கீழ் விளிம்பு மண்ணிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்க வேண்டும். நிழலில் வல்லாரை, வெயிலில் டேபிள் ரோஸ். உயரமாக வளரும் எதுவும் வேண்டாம். சூடு ஒரு டிகிரி ஏறினால் பேனலின் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். செடிகள் அந்தச் சூட்டைக் கொஞ்சம் தணிக்கும், கோடையிலும் தண்ணீர் ஊற்றினால்தான்.

அடைமழையில் மண் ஊறியதும் மிச்சமெல்லாம் குழாய்க்குத்தான் வரும். அது பழுப்பாக இருக்கும். குடிநீர் சம்ப்பில் விடாமல் மழைநீர்க் கிணற்றுக்குத் திருப்புங்கள். ரசாயன உரம் போட்டால் அதுவும் கூடவே இறங்கும், ஆகவே தொழுஉரம் மட்டும். செப்டம்பரிலேயே குழாய் வாய் வலையைக் கழுவி வையுங்கள்.