திக்கிப் பேசுபவர்களிடம் நாம் செய்யும் தவறுகள்

நம் ஆட்களுக்கு இரக்கம் அதிகம், பொறுமைதான் கம்மி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கல்யாண வீடு. "வீடு எங்கேப்பா?" என்று பெரியம்மா கேட்கிறார். பையன் "ரெ... ரெ..." என்று திணறுகிறான். "ரெட்ஹில்லா?" என்று அவரே முடித்துவிடுகிறார். அவன் சொல்ல வந்தது ரெசர்வாயர் ஹில்ஸ். திருத்த வேண்டுமென்றால் திரும்ப அதே 'ரெ'யில்தான் தொடங்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவான். வாயில் வார்த்தையை எடுத்துக் கொடுப்பதுதான் முதல் தவறு.

"பதறாதே, மூச்சை இழுத்துவிட்டுப் பேசு" என்பதும் அப்படித்தான். திக்கலுக்குப் பயம் காரணமில்லை. பேச்சை நடத்தும் மூளையின் வேலையிலும் பரம்பரையிலும் அதன் வேர் இருக்கிறது. பதற்றம் அதைக் கூட்டலாம், அவ்வளவுதான். போனைப் பார்க்காமல், முகத்தைச் சுளிக்காமல் காத்திருங்கள்.

கோயிலில் தேவாரம் தடங்கலில்லாமல் பாடுகிறானே, அப்போது நடிக்கிறானா? இல்லை. தாளமும் மெட்டும் நாவுக்குப் பிடிமானம் தருகின்றன. பேச்சில் அந்தப் பிடி கிடைப்பதில்லை.

வீட்டில் இங்கிலீஷ், பள்ளியில் ஸூலு அல்லது ஆஃப்ரிகான்ஸ் என்று இருக்கும் பிள்ளை திக்கினால், முதலில் நிறுத்தப்படுவது தமிழ் வகுப்புதான். பாவம், தமிழ் என்ன செய்தது? பல மொழி பழகுவதால் திக்கல் வருவதில்லை.

"வளர்ந்தால் சரியாகும்" என்பது பாதி உண்மை. பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் தொடங்கும், பல பிள்ளைகளுக்குத் தானாகவே போய்விடும். எல்லாருக்கும் போகாது. பெரியவர்களில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் நீடித்தால், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தால், பிள்ளை பேசவே கூச்சப்பட்டால், நாக்கில் வசம்பு தேய்த்துக்கொண்டிருக்காமல் பதிவு பெற்ற பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். குவாஸூலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலேயே அந்தப் படிப்பு இருக்கிறது.

அக்டோபர் 22, உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாளுக்குக் கூட்டம் போடுகிறீர்களா? நல்லது. டாக்டர் ஒரு மணி நேரம் பேச, திக்குபவர் முன்வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்கும் கூட்டம் வேண்டாம். 1947இல் டர்பனுக்கு வந்த பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜே திக்கியவர்தான் என்று உற்சாகமூட்டுவார்கள். கடையில் ரொட்டி கேட்கத் திணறுபவருக்கு மன்னர் கதை எதற்கு என்று எனக்குத் தோன்றும். அப்புறம், எல்லாரும் வரிசையாக எழுந்து பெயர் சொல்லும் சுற்றை வைக்காதீர்கள். மற்ற சொல்லை மாற்றிச் சமாளிக்கலாம், சொந்தப் பெயரை மாற்ற முடியாது.