'ஸ்மால்' ஒன்றை வைத்தே ஓட்டாதீர்கள்

கோவில்பட்டியில் மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் வேலை முடிந்து வருபவர்கள்: ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்கள், நர்சுகள், வெளிநாட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கும் பையன்கள். எல்லோருக்கும் 'ஸ்மால்' தெரியும், 'பிக்' தெரியும். அந்த இரண்டை வைத்தே உலகத்தைச் சமாளித்துவிடுவார்கள். 'ஸ்மால் ரெயின்', 'ஸ்மால் பிரைஸ்', 'ஸ்மால் ஃபீவர்' என்று போகும். எதிரே இருப்பவருக்குப் புரியும்தான், ஆனால் பேசுகிறவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழிலிருந்து மாற்றிக்கொண்டிருக்கிறார் என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

நான் சொல்லித் தரும் வழி இதுதான். சின்னது என்று சொல்ல வாய் வரும்போது, அதே பொருளுக்குப் பெரிய பக்கம் என்ன வார்த்தை வரும் என்று முதலில் யோசியுங்கள். அந்தப் பக்கம் நமக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். மழைக்கு 'ஹெவி ரெயின்' என்பதை வானிலைச் செய்தியில் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்? ஹெவிக்கு எதிர்ப்பக்கம் 'லைட்'. ஆகவே 'லைட் ரெயின்'. டிராஃபிக்குக்கும் இதே ஜோடி. விலை, வேகம், சம்பளம் எல்லாம் 'ஹை' என்றால் மறுபக்கம் 'லோ'. ரோடு 'வைட்' என்றால் மறுபக்கம் 'நேரோ'. டீ மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். நம் டீக்கடையில் ஸ்ட்ராங்குக்கு எதிர் லைட். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராங் டீ'க்கு ஜோடி 'வீக் டீ'.

'ஷார்ட்' என்ற சொல்லுக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஆள் என்றால் 'டால்', கயிறோ பயணமோ என்றால் 'லாங்'. உயரம் குறைவான ஆளை 'ஹி இஸ் ஸ்மால்' என்றால், உடம்பே சிறுத்தவர் என்றுதான் அர்த்தம் போகும். 'பெட்டீட்' என்று ஒரு சொல் இருக்கிறது. உயரம் குறைந்து ஒல்லியாக இருக்கும் பெண்ணுக்கு மட்டும்தான் அது. ஜவுளிக்கடைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஆணைப் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள்.

இந்த வழி நர்சுகளுக்குத்தான் அதிகம் உதவும். டியூட்டி மாறும்போது அடுத்தவரிடம் நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அங்கே 'ஸ்மால்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஒன்றும் விளங்காது. வலி 'மைல்டு', 'மாடரேட்', 'சிவியர்' என்று ஏறும். தலைவலி லேசாக இருந்தால் 'ஸ்லைட் ஹெட்டேக்' என்றும் சொல்லலாம். ரத்தம் வடிவது 'ஹெவி' அல்லது 'லைட்'. மூச்சு 'டீப்' அல்லது 'ஷாலோ'. ஆழமில்லாத தண்ணீருக்குச் சொல்லும் அதே ஷாலோ. நாடித் துடிப்பு 'ஸ்ட்ராங்' அல்லது 'வீக்'. ஆபரேஷன் 'மேஜர்' அல்லது 'மைனர்'. காயத்தில்தான் கவனம் வேண்டும். வெட்டு எவ்வளவு நீளம் என்று சொல்ல வருகிறீர்களா, எவ்வளவு ஆழம் என்றா, ஆபத்தானதா இல்லையா என்றா? நீளத்துக்கு 'லாங்', ஆழத்துக்கு 'டீப்', ஆபத்துக்கு 'சீரியஸ்'. இவற்றில் எதை மறுக்கிறீர்கள் என்று தெரிந்தால் ஷார்ட்டா, 'சூப்பர்ஃபிஷியல்' என்பதா, மைனரா என்று தானாக வந்து நிற்கும்.

சரி, பெரிய பக்கத்திலேயே 'பிக்', 'லார்ஜ்', 'கிரேட்' என்று மூன்று இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? அளந்து, எண்ணி, எடைபோட்டுச் சொல்வதற்கு லார்ஜ். சட்டை சைஸ், தொகை, எண்ணிக்கை: 'அ லார்ஜ் நம்பர்', 'அ லார்ஜ் அமவுண்ட்'. இதற்கு ஜோடி ஸ்மால். தவறு, முடிவு, ஆச்சரியம் போன்றவற்றுக்கு பிக். 'லார்ஜ் மிஸ்டேக்' என்று யாரும் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத சிரமம், அக்கறை போன்றவற்றுக்கு கிரேட். இதன் எதிர்ப்பக்கம் ஸ்மால் அல்ல, 'லிட்டில்'. 'வித் கிரேட் டிஃபிகல்ட்டி' என்றால் படாதபாடு பட்டு. 'வித் லிட்டில் டிஃபிகல்ட்டி' என்றால் சிரமமே இல்லாமல்.

லிட்டிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாசமும் உண்டு, ஏளனமும் உண்டு. 'அ ஸ்மால் ஹவுஸ்' என்பது சதுர அடிக் கணக்கு. 'அ நைஸ் லிட்டில் ஹவுஸ்' என்றால் வீடு மனதுக்குப் பிடித்திருக்கிறது. 'புவர் லிட்டில் திங்' என்று குழந்தையைப் பார்த்துச் சொன்னால் 'ஐயோ பாவம்'. 'யுவர் லிட்டில் பிராப்ளம்' என்று மேலதிகாரி சொன்னால் உங்கள் பிரச்சினையை அவர் மதிக்கவில்லை. இடமும் முக்கியம்: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் லிட்டில் அழகாக நிற்கும், வாக்கியக் கடைசியில் 'தி ஹவுஸ் இஸ் லிட்டில்' என்று வந்தால் உறுத்தும். அங்கே ஸ்மால் போடுங்கள். ஒப்பிடும்போதும் 'ஸ்மாலர்'தான்.

இப்போது தமிழ் நமக்கே வைக்கும் பொறிகள். லீவு லெட்டரில் சின்னம்மையை 'ஸ்மால்பாக்ஸ்' என்று எழுதினால் படிக்கிறவர் நாற்காலியோடு நகர்ந்துவிடுவார். ஸ்மால்பாக்ஸ் என்பது நம் பெரியம்மை. உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்த நோய். சின்னம்மைக்கு 'சிக்கன்பாக்ஸ்'. அவ்வளவு பெரிய கொள்ளைநோய்க்கு ஏன் ஸ்மால் என்று பெயர்? அந்தக் காலத்து இங்கிலாந்தில் மேகப்புண் நோயை 'கிரேட் பாக்ஸ்' என்றார்கள். அதிலிருந்து பிரித்துக்காட்ட இதற்கு ஸ்மால் ஒட்டிக்கொண்டது. இங்கேயும் ஜோடியைத் தெரிந்துகொண்டால்தான் பெயரே விளங்குகிறது.

சின்ன வெங்காயத்தை 'ஸ்மால் ஆனியன்' என்றால் நம்மூரில் செல்லும், வெளிநாட்டுக் கடையில் பொடி சைஸ் பெரிய வெங்காயத்தை எடுத்துக் கொடுப்பார்கள். 'ஷாலட்' என்று கேளுங்கள். 'மை ஸ்மால் டாட்டர்' என்றால் சின்ன மகள் என்று ஆகாது, உருவம் சிறிய மகள் என்றுதான் ஆகும். 'யங்கர் டாட்டர்' என்க. வீட்டுப் பெரியவர்கள் 'எல்டர்ஸ்', 'பிக் பீப்பிள்' அல்ல. சின்னப் புத்தி என்று திட்ட வேண்டுமானால் 'பெட்டி' இருக்கிறது, 'ஸ்மால்-மைண்டட்' இருக்கிறது.

அப்புறம் 'ஸ்மால் ஸ்மால் மிஸ்டேக்ஸ்'. சின்னச் சின்னத் தவறுகள் என்று இரட்டித்துச் சொல்வது தமிழுக்கு இனிமை, ஆங்கிலத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. பன்மை 'ஸ்' ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடும்: 'அ ஃபியூ ஸ்மால் மிஸ்டேக்ஸ்', அல்லது 'மைனர் மிஸ்டேக்ஸ்'.

ரொம்பச் சின்னது என்பதற்கு 'டைனி' தாராளமாகப் போதும். அறிக்கையில் எழுதும்போது 'மினிட்' என்பதன் எழுத்துகளிலேயே ஒரு சொல் வரும். நிமிடத்தைச் சொல்லும்போது மினிட், நுண்ணியது என்னும்போது 'மைன்யூட்' என்று பின்பாதியை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் வேர் ஒன்றே, சிறிதாக்கப்பட்டது என்று பொருள்படும் லத்தீன் சொல். மணியைச் சிறு கூறாக்கியதுதான் நிமிடம். மைன்யூட்டுக்கு எதிர்ப்பக்கம் 'ஹியூஜ்', 'இனார்மஸ்' என்று எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். பக்கத்தின் நடுவில் பெயர்ச்சொல்லை எழுதி, இடப்பக்கம் சின்னது, வலப்பக்கம் பெரியது. 'லைட் – ரெயின் – ஹெவி' என்பது போல. தனிச்சொல்லாக எழுதவே எழுதாதீர்கள், நடுவில் பொருள் இல்லாவிட்டால் ஜோடி நிற்காது. உங்கள் வேலையில் தினமும் புழங்கும் பொருள்களை முதலில் எழுதுங்கள்: கடைக்காரருக்குத் துணி, தள்ளுபடி, கூட்டம், டிரைவருக்கு வேகம், வளைவு, லோடு.

கூட்டம் என்றதும் ஒன்று. முதலாளி இன்றைக்கு வியாபாரம் எப்படி என்று கேட்கும்போது 'ஃபியூ கஸ்டமர்ஸ் கேம்' என்றால் ஈயாடியது என்று அர்த்தம். 'அ ஃபியூ கஸ்டமர்ஸ்' என்றால் சிலர் வந்தார்கள். 'குவைட் அ ஃபியூ' என்றால் கணிசமாகவே வந்திருக்கிறார்கள்.